தோட்டப் பிரியர்களுக்குக் கையைக் கடிக்காத பரிசுகள்

கல்யாணம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று விசேஷம் வந்துவிட்டால், நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்குப் பரிசு வாங்குவது ஒரு தனிக் கவலை. குத்துவிளக்கை எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். சுவர்க் கடிகாரம் ஏற்கனவே மூன்று இருக்கும். எவர்சில்வர் பாத்திரம் நேரே பரணுக்குப் போய்விடும். ஆனால் பரிசு பெறுகிறவர் செடி வளர்ப்பதில் பிரியமுள்ளவராக இருந்தால் கவலையே வேண்டாம் என்பது என் அனுபவம். செலவும் அதிகம் ஆகாது, கொடுத்த பொருள் பரணுக்கும் போகாது.

என் ஓரகத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தால், "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி பீரோவில் வைத்துவிடுவார். ஒரு தடவை என் வீட்டுக்காரர், நன்றாக மக்கின மாட்டு எருவை ஒரு சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் இறக்கினார். அடேயப்பா, அந்த முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்க்க வேண்டுமே! சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, "வாடையே இல்ல பாருங்க, எப்படி மக்கியிருக்கு!" என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். செடிப் பிரியர்கள் அப்படித்தான். அவர்கள் கணக்கே வேறு.

அதற்காக, கடைக்குப் போனோமா, பூத்துக் குலுங்குகிற ஒரு தொட்டியை வாங்கினோமா, கொடுத்தோமா என்று இருந்துவிட முடியாது. புடவை தண்ணீர் கேட்காது, செடி கேட்கும். ஒரு தொட்டியைக் கொடுப்பது என்றால், கூடவே தினம் ஒரு வேலையையும் கொடுக்கிறோம் என்று அர்த்தம். ஆகவே வாங்குவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போகிற சாக்கில் நாலு விஷயத்தை ஓசைப்படாமல் கவனித்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது. வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா? தொட்டிகளை யார் தூக்கி வைக்கிறார்கள்? குனிந்து நிமிர அவரால் முடிகிறதா? ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, தக்காளி, கத்தரி எல்லாவற்றுக்கும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இரண்டு மூன்று மணி வெயில்தான் என்றால் புதினா, கற்பூரவல்லி, வெற்றிலை, மணி பிளான்ட் இவைதான் பிழைக்கும். இதைப் பார்க்காமல் கொடுக்கிற செடி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இரண்டு மாதத்தில் குச்சியாகிவிடும். கொடுத்தவருக்கு அது தெரியாது. வாங்கிக்கொண்டவர்தான் தினமும் அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததைச் சொன்னால் உங்களுக்கு நன்றாகப் புரியும்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஓட்டு வீடு. கொல்லையில் கிணறு, கிணற்றைச் சுற்றி வாழை, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அகத்தி மரம், அதில் ஏறின வெற்றிலைக் கொடி, வேலி நெடுக அவரை. பெரியம்மா காலைக் காப்பியைக் குடிப்பதே கொல்லைப் படியில் உட்கார்ந்துதான். 2021-ல் பெரியப்பா காலமானார். எழுபது வயதுக்கு மேல் தனியாக எப்படி விடுவது என்று, சென்னையில் இருக்கும் மகன் 2022 தை மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது மாடியில் ஃபிளாட். கிழக்குப் பார்த்த பால்கனி, நாலடிக்கு எட்டடி இருக்கும்.

மகனும் மருமகளும் ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மாவுக்குச் செடி என்றால் உயிர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் செடியாகவே கொண்டுவந்தார்கள். இரண்டு ரோஜாத் தொட்டி, ஒரு குண்டுமல்லி. மகனின் நண்பர் ஒருவர் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு போன்சாய் ஆலமரம் வாங்கிவந்தார். அதைப் பற்றிப் பெரியம்மா எனக்கு ஃபோனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஆலமரத்தக் கால முடக்கி ஒரு டப்பாவுல உட்கார வச்சிருக்காங்கம்மா. பார்க்கவே பாவமா இருக்கு." மரத்தை மட்டும்தான் சொன்னாரா, தன்னையும் சேர்த்துச் சொன்னாரா என்று எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அந்தப் பால்கனிக்குக் காலையில் மூன்று மணி நேரம்தான் வெயில். ரோஜா இரண்டும் சித்திரைக்குள் போய்விட்டன. மல்லி பூக்காமல் வெறும் இலையாக நீண்டுகொண்டே போனது. "என் கைராசி ஊரோட போயிடுச்சு" என்று பெரியம்மா சொல்ல ஆரம்பித்தார். சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. டாக்டரிடம் காட்டினார்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மனசுதான் சோர்ந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

கைராசி எங்கேயும் போகவில்லை. வெயில்தான் போதவில்லை. ஆனால் இதை வாயால் சொன்னால் அவர் கேட்கிற நிலையில் இல்லை.

அந்த ஆனியில் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன நான், அப்படியே கிராமத்துக்கும் ஒரு நடை போய்வந்தேன். வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, வெற்றிலைக் கொடியில் நாலு துண்டு வெட்டிக்கொண்டேன். வெற்றிலை நிழல் விரும்பி. கொடிக்காலிலேயே அகத்தி நிழலில்தானே வளர்க்கிறார்கள்? மூன்று மணி வெயில் அதற்குத் தாராளம். வேலியில் அவரையைக் காணோம். விதைக்க ஆளில்லாமல் அந்த வருஷத்தோடு போய்விட்டிருந்தது. ஆனால் அந்த அவரை விதை என்னிடம் இருந்தது! பெரியம்மா எப்போதோ எனக்கு முந்தானையில் முடிந்து கொடுத்தது. திருச்சியில் என் வீட்டு மதிலோரம் வருஷம் தவறாமல் விதைத்து, விதை எடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரு இருபது விதையை மடித்துக்கொண்டு ஆடிப் பிறப்புக்குச் சென்னை போனேன்.

பொட்டலத்தைப் பிரித்தவர் விதையைக் கையில் உருட்டிப் பார்த்தார். "இது நம்ம கெணத்தடி அவரையில்ல? ஒனக்கு ஏது?"

"நீங்க குடுத்ததுதான் பெரியம்மா."

பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய்ப் பால்கனியில் செத்த ரோஜாவைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தொட்டி மண்ணைக் கிளற ஆரம்பித்தார்.

வெற்றிலை பால்கனிக்குப் போனது. அவரைக்கு வெயில் வேண்டுமே? குடியிருப்புச் சங்கத்தில் கேட்டு, மொட்டை மாடியில் ஒரு மூலைக்கு அனுமதி வாங்கினான் மகன். இருபது லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு, அடியில் துளை போட்டு வைத்தாகிவிட்டது. நாட்டு அவரை ஆடியில் போட்டால் பனிக்காலத்தில்தான் பூக்கும். அதுவரை பெரியம்மாவுக்குத் தினம் இரண்டு வேளை மாடி ஏற ஒரு காரணம் கிடைத்தது. தை மாதம் அவரைக்காய்ப் பொரியல் செய்து, அடுத்த வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்தாராம். செவ்வாய், வெள்ளியில் தாம்பூலத்துக்கு வெற்றிலை கேட்டு வருகிறவர்களோடு பேச்சும் வந்தது. எனக்கு இதில் ஆன செலவு ஒரு மண் தொட்டிக்கு 120 ரூபாய்தான், பஸ் கட்டணம் தனி.

2024-ல் கிராமத்து வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கொல்லை முழுவதையும் சமப்படுத்திவிட்டார். அந்த அவரை இப்போது பெரியம்மாவிடம் இருக்கிறது, என்னிடம் இருக்கிறது, என் ஓரகத்தியிடமும் அந்த ஃபிளாட்டில் நாலு குடும்பத்திலும் இருக்கிறது. பெரியம்மா சில சாயங்காலங்களில் இன்னும் பேச்சிலே ஊருக்குப் போய்விடுவார். அது போகாது. போகவும் வேண்டாம்.

விதையை எப்படிக் கொடுப்பது?

கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிகிற பரிசு விதை ஒன்றுதான். நெல் ஜெயராமன் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 2018-ல் மறைந்தாரே. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய நெல் விதையை விவசாயிகளுக்கு 2 கிலோ கொடுப்பாராம். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். நாம் நெல் விதைக்கப் போவதில்லை. ஆனால் பத்து அவரை விதைக்கும் இதே கணக்குதானே?

கொடியிலேயே முற்றிக் காய்ந்த காயிலிருந்து விதை எடுங்கள். நிழலில் நன்றாக உலர்த்தி, அவரை, துவரை மாதிரிப் பருப்பு வகையானால் கொஞ்சம் சலித்த சாம்பலைக் கலந்து வையுங்கள், வண்டு அண்டாது. வெண்டை, மிளகாய், கத்தரி, கீரை எதுவானாலும் சரி. வாழ்த்து அட்டைக்கு முப்பது ரூபாய் கொடுப்பதைவிட, குழந்தைகளின் பழைய நோட்டுத் தாளில் சின்னச் சின்ன உறை செய்து, மேலே செடியின் பெயர், விதை எடுத்த மாதம், எந்தப் பட்டத்தில் விதைக்க வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். யார் வீட்டுச் செடி என்றும் எழுதுங்கள். "மாயவரம் சித்தி வீட்டு வெண்டை" என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு தனி மதிப்புத்தான்.

கொடுப்பதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை உண்டு. பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்துத் துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருப்பு வகை நாலைந்து நாளில் முளைக்கும். மிளகாய், கத்தரிக்குப் பத்து நாளுக்கு மேல்கூட ஆகும். ஏழெட்டாவது முளைத்தால் தைரியமாகக் கொடுக்கலாம். இரண்டு மூன்றுதான் முளைத்தது என்றால் கொடுக்காதீர்கள். முளைக்காத விதை மனசை ஒடித்துவிடும். வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. தக்காளி விதை மூன்று நாலு வருஷம்கூடத் தாங்கும்.

சுரை, பூசணி, பீர்க்கில் ஒரு சங்கதி இருக்கிறது. தேனீ ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோய்விடும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால், நீங்கள் எடுக்கிற விதை தாய்ச் செடி போலவே வரும் என்று சொல்ல முடியாது. கடையில் வாங்கிக் கொடுப்பதானால் பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். வீரிய ஒட்டு ரகம் என்று போட்டிருந்தால் அதிலிருந்து மறுபடி விதை எடுத்துப் பிரயோஜனமில்லை. விதை சேர்க்கிறவருக்கு நாட்டு ரகமே நல்லது. இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயம் ஏற்றின விதையில் பூஞ்சாணத்துக்கான மருந்து பூசியிருப்பார்கள். மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கன்றும் பதியனும் கொடுக்கலாம். கறிவேப்பிலை மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் குட்டிக் கன்றை வேரோடு எடுத்து, ஒரு மாதம் பையில் வைத்துத் தழைத்த பிறகு கொடுங்கள். மல்லிகைக் கொடியைத் தரையில் படியவிட்டு, ஒரு கணுவின் மேல் மண் போட்டுக் கல்லை வைத்துவிட்டால் வேர் பிடித்துவிடும். வெயிலுள்ள வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மல்லிக்கு நாற்றுகள் ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்துதான் பெரும்பாலும் போகின்றன. மல்லிப் பதியன் கொடுத்தால் கார்த்திகைக் கடைசியில் கவாத்துப் பண்ண வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வெட்ட மனசு வராமல் விட்டுவிட்டு, பூக்கவில்லையே என்று அங்கலாய்க்கிறவர்கள் அநேகம்.

வேலையைக் குறைக்கிற சாமான்கள்

நாற்பது வயதுக்கு மேல் செடி வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் முதுகைப் பற்றித்தான் சொல்வார்கள். அதனால் எனக்கு மிகவும் பிடித்த பரிசு ஒரு தாழ்ந்த முக்காலி. குந்திக்கொண்டு களை எடுப்பதற்கும், முக்காலியில் உட்கார்ந்து எடுப்பதற்கும் முழங்காலுக்கு எவ்வளவு வித்தியாசம்! பழைய சாமான் கடையில் கூடக் கிடைக்கும். மேலே பழைய புடவையைத் திணித்து ஒரு மெத்தை தைத்துப் போட்டால் பரிசு மாதிரியே ஆகிவிடும்.

பளபளப்பான பெட்டியில் மூன்று குட்டிக் கருவிகளை வைத்து விற்கிறார்களே, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொஞ்சம் இறுகின மண்ணில் குத்தினால் கழுத்து வளைந்துவிடும். அதைவிடக் கொல்லர் பட்டறையில் அடித்த ஒரு சிறு களைக்கொத்தி எத்தனையோ மேல். எங்கள் திருச்சியில் நான் கடைசியாக வாங்கியது பிடியோடு 150 ரூபாய். பிடி அவர்கள் கைக்கு அடங்குகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நம் பெண்களின் கைக்குப் பெரிய பிடி ஒத்துவராது. கவாத்துக் கத்தரி கொஞ்சம் விலை கூடும். நாலு பேர் சேர்ந்து கொடுக்கிற பரிசானால் அதை வாங்கலாம்.

ஒரு ஜோடிக் கையுறை சேர்த்து வையுங்கள். ரோஜா முள்ளும் துருப்பிடித்த கம்பியும் குத்தி, "ஒண்ணுமில்லை" என்று மஞ்சளைத் தடவிக்கொண்டு இருப்பது நம் பழக்கம். மண்ணில் ரண ஜன்னிக் கிருமி இருக்கிறது. அதற்கான தடுப்பூசியைப் பெரியவர்களும் பத்து வருஷத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். கடைசியாகப் பிரசவ சமயத்தில் போட்டுக்கொண்டதோடு சரி என்பவர்கள்தான் நம்மில் அதிகம். கையுறை கொடுக்கும்போதே இதையும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.

மண்ணுக்குத் தீனி

முன்னே சொன்ன எருச் சாக்கு மாதிரி, மண்ணுக்குப் போடுகிற எதுவும் தோட்டப் பிரியர்களுக்குத் தித்திப்புப் பண்டம்தான். மண்புழு உரம் இரண்டு மூன்று கிலோ வாங்கி அழகான துணிப் பையில் கட்டிக் கொடுக்கலாம். வேப்பம் பிண்ணாக்கு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வீதம் மண்ணில் கலந்தால் உரமும் ஆகும், வேரைத் தின்னும் பூச்சியும் குறையும். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் செடி கிளுகிளுவென்று வரும். ஆனால் அந்த வாடை! ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்கு அதைக் கொடுத்து அண்டை வீட்டாரோடு சண்டை மூட்டிவிடாதீர்கள்.

மாவுப்பூச்சி, அசுவினித் தொல்லை உள்ளவருக்கு ஒரு சின்ன பாட்டில் வேப்பெண்ணெயும் கையால் அழுத்தித் தெளிக்கிற பாட்டிலும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், எண்ணெய் கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் திரவம். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளிக்க வேண்டும். இந்த அளவைச் சீட்டில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டிவிட்டால் உபகாரமாக இருக்கும்.

மாடித்தோட்டக்காரர்களுக்குத் தென்னை நார்க் கழிவுக் கட்டி நல்ல பரிசு. 650 கிராம் கட்டி ஒன்று தண்ணீரில் எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். மாடிக்குத் தூக்கிப் போக சௌகரியம், தொட்டியும் கனக்காது. ஆனால் அதில் சத்து கிடையாது. எருவைக் கலந்துதான் ஆக வேண்டும். உப்பு இருக்கும் என்பதால் ஓரிரு முறை அலசிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

காசே இல்லாமல் கொடுப்பதற்கும் வழி உண்டு. மக்குத்தொட்டி வைத்திருக்கிறவர்களுக்குக் காய்ந்த இலை எவ்வளவு கிடைத்தாலும் போதாது. காய்கறிக் கழிவோடு காய்ந்த இலையையும் சேர்த்தால்தான் அது நாறாமல் மக்கும். உங்கள் தெருவில் வேப்ப மரமோ புங்க மரமோ இருந்தால், மாசி பங்குனியில் கொட்டுகிற சருகைப் பெருக்கி எரிக்கிறார்களே, அதை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். முட்டை ஓட்டுப் பொடி, தேங்காய் நார், காப்பிச் சக்கை எல்லாமே அவர்களுக்குச் சரக்குத்தான்.

தொட்டி வாங்கினால் மண் தொட்டியே வாங்குங்கள். அதன் உடம்பு வழியாகக் காற்றும் ஈரமும் போய்வரும். கோடையில் வேர் வெந்துபோகாது. பானை செய்கிறவரிடமே போய் வாங்கினால் மலிவு. சுட்டது சரிதானா என்று விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்க வேண்டும். அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு ஒரு யோசனை. சாயம் பூசாத சின்ன மண் கலயம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பெரிய தொட்டி மண்ணில் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடச் சொல்லுங்கள். மண் காயக் காய, நீர் கசிந்து வேருக்குப் போகும். இது பழைய பானைப் பாசன முறைதான். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு கொடுப்பதானால் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. அதில் தேங்குகிற தெளிந்த நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டில் மணலைக் கொட்டிக் கொடுத்துவிட்டால் தண்ணீர் நிற்காது. மணி பிளான்டை பாட்டில் தண்ணீரில் வைத்துக் கொடுப்பவர்களும், வாரம் ஒரு முறை நீரை மாற்றச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தவழ்கிற, நடை பழகுகிற குழந்தை உள்ள வீடானால் அரளி வேண்டாம். அதன் இலை, பால், விதை எல்லாமே விஷம். மஞ்சள் அரளிக் கொட்டை மிகவும் பொல்லாதது. நர்சரிகளில் அழகுக்கு விற்கும் டிஃபன்பாக்கியா, அதாவது அகன்ற இலையில் வெள்ளை தெளித்த மாதிரி இருக்குமே, அந்த இலையைக் குழந்தை கடித்தால் நாக்கும் வாயும் எரிந்து வீங்கிவிடும். குன்றிமணிக் கொடியும் வேண்டாம். அதற்குப் பதில் குழந்தைக்கே ஒரு பரிசு கொடுக்கலாம். கண்ணில் துளை போட்ட கொட்டாங்கச்சியில் எருவும் மண்ணும் நிரப்பி, நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தை ஒரு ஸ்பூன் பொட்டலம் கட்டி வையுங்கள். மூன்று நாலு நாளில் முளைத்துவிடும், மூன்று வாரத்தில் கீரை கிள்ளலாம். நவராத்திரித் தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் இதைப் போட்டுக் கொடுத்தபோது, எங்கள் தெருக் குழந்தைகள் ஒருத்தர் கொட்டாங்கச்சியை ஒருத்தர் எட்டிப் பார்த்துக்கொண்டே திரிந்தார்கள்.

இன்னும் ஒன்று. தோட்டப் பிரியர்கள் வீட்டை விட்டு நாலு நாள் நிம்மதியாகப் போக முடியாது. மகளின் பிரசவத்துக்குப் போன இடத்தில்கூட, "செடி காஞ்சிருக்குமே" என்றுதான் பேச்சு. "நீங்க போயிட்டு வாங்க, செடிய நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்வதற்குக் காசு பணம் வேண்டியதில்லை. போவதற்கு முன்னால் அவரோடு ஒரு சுற்று சுற்றி வந்து, எதற்குத் தினம் தண்ணீர், எதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், எந்தச் செடிக்கு அதிகம் ஊற்றினால் அழுகும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊற்றிவிடுங்கள். மேல் மண்ணில் விரலை ஒரு அங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். வெண்டையும் கொத்தவரையும் முற்றுவதற்குள் பறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் செடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறித்ததை நீங்களே சமைத்துச் சாப்பிடலாம். அதற்கு அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு காயை மட்டும் கொடியிலேயே விதைக்கு விட்டு, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி வையுங்கள்.